ரூமிகோல்கா வாசலில் முப்பத்தெட்டு செக்கன்

1

கடந்த மாதம் எனக்கு அறுபது வயது முடிந்தது. மகள் ஆரணி நோபல் பார்க்கில் ஒரு மண்டபம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்பது பேருக்குச் சாப்பாடும் சொல்லிவிட்டு, பிறகுதான் எனக்குச் சொன்னாள். இந்த அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் அப்பாவைக் கௌரவிப்பதென்று முடிவெடுத்துவிட்டால் அப்பாவின் சம்மதம் தேவைப்படுவதில்லை. புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு போய், போட்ட கதிரையில் இருந்தேன்.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது திரையில் படம் காட்டினார்கள். என் கலியாணப் படம், ஆரணியைக் கையில் வைத்திருக்கும் படம், கிளென் வேவர்லி வீட்டுக்குப் பால் காய்ச்சிய படம். கடைசியாக ஒரு வீடியோ. ஆரணி மைக்கை எடுத்து, "இதுதான் டாட் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய பகிடி" என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு அதை ஓடவிட்டாள்.

போன வருடம் பெரு நாட்டில் ஒரு சுற்றுலாவில் எடுத்தது. ஒரு வெள்ளை வான் தெருவோரம் நிற்கிறது. பொலிஸ்காரன் ஒருவன் கதவைத் திறக்கிறான். உடனே நான் இறங்குகிறேன். ஒரு கையில் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்திருக்கிறேன். மறு கையால் ஆரணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறேன். அவள் கழுத்துத் தலையணையோடு பாதி நித்திரையில் தடுக்கி விழப் பார்க்கிறாள். நான் ஒருவரையும் பார்க்காமல், இல்லாத வரிசை ஒன்றில் நடந்து, தெருவில் வைத்திருந்த தடுப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் விறைத்து நிற்கிறேன். பொலிஸ்காரன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிகிறான். முப்பத்தெட்டு செக்கன்.

இளசுகளின் மேசைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எங்கள் வயதுக்காரரின் மேசைகளிலும் சிரிப்பு தொடங்கியது. ஆனால் நான் தடுப்பைத் தாண்டும் இடம் வருவதற்குள் அது நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த சிவம் அண்ணை, நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரிந்தவர், கையில் எடுத்த ரோல்ஸைக் கோப்பையில் திருப்பி வைத்தார்.

"தம்பி, அதை நிப்பாட்டச் சொல்லும்" என்றார்.

நிற்பாட்டத் தேவையிருக்கவில்லை. அது முடிந்திருந்தது. ஆரணி கூட்டத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "வை இஸ் நோபடி லாஃபிங்?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதை இங்கே சொல்கிறேன். ஆரணி இதை வாசிக்கமாட்டாள். ஆறு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். இன்று அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அந்த வெட்கக்கேடு இப்போது எனக்கு வசதியாக இருக்கிறது.

2

பெருவுக்குப் போகும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. டண்டினோங்கில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. காலை ஐந்து மணிக்கு எழும்பி, பெட்டிகளை எண்ணி, பின்னேரம் வந்து செய்தி பார்த்துவிட்டுப் படுக்கிறவன் நான். ஆரணி பட்டப்படிப்பை முடித்ததும் இன்காக்களைப் பார்க்கப் போகவேண்டும் என்று நின்றாள். தாய்க்கு முழங்கால் வருத்தம், மலை ஏற முடியாது. பெட்டையைத் தனியே விடவும் மனமில்லை. ஆகவே நான்.

ஊருக்குப் போவோம் வா என்று அவளை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "தெயார்ஸ் நத்திங் டு சீ தெயார், டாட்" என்பாள். பதினோராயிரம் அடி உயரத்தில் விமானமே இறங்கப் பயப்படும் நாட்டில் பார்க்க ஏதோ இருக்கிறதாம்.

வெளிக்கிடும்போது வழக்கம்போல என் பிளாஸ்டிக் ஃபைலையும் எடுத்துக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காலாவதியான மூன்று பாஸ்போர்ட். கடைக்குப் போனாலும் கார் டிக்கியில் அது இருக்கும். ஆரணி அதற்கு 'டாடின் மூத்த பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு என்னிடம் இன்னொரு பழைய குறையும் உண்டு. விருந்துகளுக்குப் போய்த் திரும்பும்போது மற்ற அப்பாமார் காரில் நித்திரையான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்துவார்கள். நான் அவளை எழுப்பி நடக்கவைப்பேன். மூன்று வயதிலும் அப்படித்தான். "யூ நெவர் கேரிட் மீ, டாட். நாட் ஒன்ஸ்" என்று பகிடிபோலச் சொல்வாள். பகிடியில்லை என்பது எனக்குத் தெரியும். விமானத்திலும் எழுப்பினேன், ரெயினிலும் எழுப்பினேன். என் பக்கத்தில் அவள் நித்திரை கொள்ளும்போது எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

3

எல்லாரும் பார்க்கும் மச்சு பிச்சுவைப் பார்த்து முடித்தபின், எல்லாரும் பார்க்காத இடங்களைப் பார்க்கவேண்டும் என்றாள். குஸ்கோ நகரத்திலிருந்து தெற்கே ஒருநாள் சுற்றுலா. வானில் பத்துப் பேர். வழிகாட்டியின் பெயர் வில்பர். ஐம்பது வயதிருக்கும், நல்ல கறுவல், எங்கள் ஊர்ச் சந்தையில் நிறுத்தினால் யாரும் வித்தியாசம் சொல்லமாட்டார்கள். எங்களோடு சிட்னியிலிருந்து வந்த ஷெரில் என்றொரு ஓய்வுபெற்ற ஆசிரியையும் இருந்தார். அரை உலகத்தைத் தாண்டிப் போனாலும் ஓர் அவுஸ்திரேலியர் முன் சீட்டில் இருப்பார். இவர் கண்ணில் பட்ட தூணையும் நாயையும் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார்.

முதலில் திப்போன். மலைச்சரிவில் படிப்படியாகக் கல்லால் கட்டிய வயல்கள், நடுவே கல்லில் வெட்டிய வாய்க்கால். ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, பிறகு நான்காகி விழுகிறது. நான்கும் ஒரே அளவு. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக இப்படியே ஓடுகிறதாம். வீட்டில் என் ஐயாவும் பெரியப்பாவும் பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று பதினொரு வருடம் கோட்டுக்கு ஏறி இறங்கினார்கள். இவர்கள் தண்ணீரைப் பங்குபோட்டுவிட்டுச் செத்தும் போய்விட்டார்கள், இன்னும் சண்டை வரவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆரணி வில்பரை விடவில்லை. இங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது, நிலத்தை யார் எடுத்தார்கள், இப்போது யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஸ்பானியர்கள் ஊர்களை எரித்த கதையைச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வில்பர் சாரதியோடு கெச்சுவா மொழியில் பேசுவதைக் கவனித்து, உங்கள் பிள்ளைகளும் இந்த மொழி பேசுவார்களா என்று கேட்டாள்.

"விளங்கும்" என்றார் வில்பர். "நான் கெச்சுவாவில் கேட்பேன், அவர்கள் ஸ்பானிய மொழியில் பதில் சொல்வார்கள்."

ஆரணி என் பக்கம் திரும்பி, "தட்ஸ் சோ சாட், டாட்" என்றாள்.

"ஓம் பிள்ளை, சரியான கவலைதான்" என்றேன்.

என் குரலில் இருந்த விஷம் அவளுக்குப் புரியவில்லை. பிழை அவளில் இல்லை. நிலம், ஊர், எரிப்பு இவற்றைப் பற்றி அவள் என்னிடம் கேட்காததற்குக் காரணம், சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் நான் ஏதாவது பகிடி சொல்லிக் கதையை மாற்றியதுதான். கிளென் வேவர்லியில் வீடு வாங்கினது நல்ல பள்ளிக்கூடத்துக்காக. பிள்ளை நன்றாகப் படிக்கட்டும், பழைய குப்பையெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். அவள் நன்றாகப் படித்துத்தான் இருக்கிறாள். மற்றவர்களின் குப்பைக்கெல்லாம் அழத் தெரிகிறது.

மத்தியானம் திப்போன் கிராமத்தில் சாப்பாடு. கினிப்பன்றியைப் பல்லோடும் நகத்தோடும் முழுசாகப் பொரித்து வைத்தார்கள். நான் உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு பிக்கில்யக்தா என்ற பாழடைந்த பழைய நகரத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தோம். இன்காக்களுக்கும் முந்தியவர்கள் கட்டியதாம். உச்சி வெயில், மூச்சு முட்டும் உயரம், வயிறு நிறைந்த சாப்பாடு. திரும்ப வானில் ஏறியதும் ஷெரிலையும் வில்பரையும் என்னையும் தவிர எல்லாரும் நித்திரை. ஆரணி என் தோளில் தலையை வைத்தாள்.

4

அடுத்த இடம் ரூமிகோல்கா. பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய பெரிய கல் வாசல். பிக்கில்யக்தாவிலிருந்து கிட்டத்தான். கண்ணாடியில் அது தெரியத் தொடங்கியதும் ஷெரில் போனைத் தூக்கிப் பிடித்தார், வான் வளைவில் நின்றதும் நிற்காததுமாகக் கதவைத் திறந்து இறங்கி முன்னால் போய் நின்றும் விட்டார். சாரதி அவருக்காக நிற்பாட்டிய அதே இடத்தில் பொலிஸ் தடுப்பொன்றும் இருந்தது. சாதாரண வீதிச் சோதனை. சாரதியின் பத்திரத்தைப் பார்ப்பதற்கு.

பொலிஸ்காரன் வந்து வானின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வீடியோவைப் பார்த்துத்தான் தெரியும். அந்தத் தட்டுக்கும் நான் அந்தப் பக்கம் போய் நின்றதற்கும் இடையில் எனக்கு ஞாபகம் எதுவும் இல்லை. ஆரணியை உலுப்பி எழுப்பியது மட்டும் கையில் இருக்கிறது. கைக்குள் அவளுடைய மணிக்கட்டு இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்த காலத்தில் ஊரில் ஆமிக்காரரின் தடுப்பு வந்தால் பஸ் நிற்கும். எல்லாரும் இறங்கவேண்டும். ஐசி என்ற அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து தடுப்பைத் தாண்டவேண்டும். பஸ் வெறுமையாக வந்து அந்தப் பக்கத்தில் எங்களை ஏற்றும். ஒருவரும் சொல்லித் தரவில்லை, கால் தானாகப் பழகிக்கொண்டது. வாசித்துச் சிரிக்கும் இளையவர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

"டாட், வாட் ஆர் யூ டூயிங்?" என்று ஆரணி கத்தினாள். அவளுக்குச் சரியான கோபம்.

வில்பர் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கைதட்டத் தொடங்கினார்.

"நான் சொல்லுமுன்பே இந்த ஐயா கண்டுபிடித்துவிட்டார்" என்று நித்திரையால் எழும்பியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த ரூமிகோல்கா இன்காக்களின் சோதனைச் சாவடி. குஸ்கோவுக்குள் போகும் ஒவ்வொருவனும் இங்கே இறங்கி, யார், எங்கிருந்து, எதற்கு என்று சொல்லவேண்டும். ஐயா அதை எங்களுக்கு நடித்தே காட்டிவிட்டார்."

எல்லாரும் கைதட்டினார்கள். பொலிஸ்காரனும் சிரித்தான். ஷெரில், உங்கள் அப்பா பெரிய நகைச்சுவைக்காரர் என்று ஆரணியிடம் சொல்லி, எடுத்த வீடியோவை அந்த இடத்திலேயே அவளுக்கு அனுப்பிவைத்தார். ஆரணியின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அப்பா பைத்தியக்காரன் இல்லை, பகிடிக்காரன்தான் என்று அவளுக்கு நிம்மதியாகியது. என் தோளைக் கட்டிப்பிடித்தாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இடுப்பை வளைத்து, கூட்டத்துக்கு ஒரு வணக்கம் வைத்தேன். அந்தப் பகுதி வீடியோவில் இல்லை.

5

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். குகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆரணிக்கு அவனைப் படத்தில் தெரியும். 'போரில் காணாமற்போன பெரியப்பா.' அதற்கு மேல் அவள் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அவனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க இரண்டு பேரும் கொழும்புக்குப் போனோம். வழியில் ஓர் ஆமி முகாம், அதன் முன் தடுப்பு. அதற்கு முந்தின இரண்டு நாளும் அவனுக்குக் காய்ச்சல். பஸ் ஏறியதிலிருந்து என் தோளில் தலையை வைத்து நித்திரை. காய்ச்சல் சூடு சேட்டுக்கு மேலால் தெரிந்தது.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். பஸ்ஸின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. சனம் எழும்பியது. நானும் எழும்பினேன். அவனுடைய தலை என் தோளால் வழுகி யன்னல் பக்கம் சாய்ந்தது. அது எனக்குத் தெரியும். தோளில் இருந்த பாரம் குறைந்தது எனக்குத் தெரியும். ஐசி எங்கே, மேல் பொக்கற்றிலா, கீழ்ப் பொக்கற்றிலா என்பதுதான் அந்த நேரத்தில் என் யோசனை. பின்னால் வருவான் என்று நினைத்தேன். அல்லது நினைக்கவே இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எது சரியென்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன். பஸ் வெறுமையாக வந்தது. கொண்டக்டர் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், "உள்ளுக்கை ஒளிச்சிருந்தவன் எண்டு சொல்லி ஒரு பொடியனை இறக்கிக்கொண்டு போறாங்கள்" என்றான்.

அவன் ஒளிக்கவில்லை. நித்திரை கொண்டவன்.

முகாம் வாசலில் இரண்டு நாள் நின்றேன். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ அவனை எழுப்பேல்லையோ?"

"எழுப்பினனான் அம்மா. அவன் எழும்பேல்லை" என்றேன்.

அம்மா அதை அப்படியே நம்பினா. சாகும்வரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி அழுதா. "சின்னனிலையே அவன் இப்பிடித்தான். இடி விழுந்தாலும் எழும்பான். அந்த நித்திரைதான் என்ரை பிள்ளையைக் கொண்டுபோனது." என் பொய்க்கு அம்மா அண்ணாவைக் குற்றவாளியாக்கினா. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வருடம் கழித்து சிட்னியில் அகதி விண்ணப்ப நேர்முகம். அப்போது வெஸ்ட்மீட்டில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அதிகாரிக்கு என் அண்ணனின் கதை முழுவதும் தேவைப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர், நல்ல மனிதர்.

"நீங்க அவர எழுப்பினீங்களான்னு கேக்குறாங்க" என்றார்.

"ஓம்."

"எத்தன தடவ?"

"ரெண்டு மூண்டு தரம்" என்றேன்.

அதிகாரி எழுதினார். அச்சடித்துத் தந்தார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். கதையில் தடுமாற்றம் இல்லை, நம்பக்கூடியது என்று முடிவுக் கடிதத்தில் எழுதியிருந்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த வீடு, வேலை, என் பிள்ளையின் படிப்பு எல்லாம் அந்தக் கடிதத்துக்குப் பிறகு வந்தவை. அதன் பிரதி இன்றும் அந்த பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கிறது. டாடின் மூத்த பிள்ளை.

6

மண்டபத்தில் ஆரணியை ஓர் அன்ரி வெளியே கூட்டிப்போய், செக்பொயின்ற் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தியிருக்கிறா. திரும்பி வந்தபோது பிள்ளையின் கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. கேக் வெட்டினோம். படம் எடுத்தோம். மனைவி மண்டபத்தைத் துப்புரவாக்கிவிட்டு வருவதற்கு நின்றா. நானும் ஆரணியும் காரில் வெளிக்கிட்டோம். பின்னேரம் நான்கு மணி, நல்ல வெயில்.

"ஐ'ம் சோ சொரி, டாட். ஐ டிடின்ட் நோ" என்றாள்.

"பரவாயில்லை பிள்ளை. நான் சொல்லேல்லைத்தானே."

கன்னத்தில் வழிந்த மையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள், ஆங்கிலத்தில்தான். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாளாம். நான் இறங்கினது அவளுக்கு இப்போது விளங்குகிறதாம். ஆனால் வானில் எல்லாரும் நித்திரை, நான் அவளை மட்டும் ஏன் அப்படி இழுத்தேன்? அவளை இழுக்கும் அந்த இடத்தில்தான் வீடியோவில் என் முகம் மிகவும் பயந்துபோய் இருக்கிறதாம்.

"வை டிட் யூ வேக் மீ, டாட்?"

முதல்முறையாக என் பிள்ளை என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டாள். இதற்கு நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஓர் அப்பா கிடைப்பார், அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும். சொல்லாவிட்டால் பகிடிக்காரன்தான் மிஞ்சுவான். இவ்வளவும் எனக்கு அந்த நேரமே தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தும் விட்டேன்.

"சாய்ஞ்சு படுத்தால் கழுத்து நோகும் எண்டுதான்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "யூ'ர் ஹோப்லெஸ்" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். என் விழாவுக்காக இரண்டு நாள் சரியான நித்திரையில்லாமல் படம் ஒட்டியவள். அடுத்த சந்தியிலேயே நித்திரையாகிவிட்டாள்.

வீட்டு வாசலில் காரை நிற்பாட்டினேன். அவளுக்கு வயது இருபத்துநான்கு, இனித் தூக்கிக்கொண்டு போக முடியாது. யன்னல் பக்கம் தலை சரிந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அண்ணாவும் அப்படித்தான் படுப்பான்.

"எழும்பு பிள்ளை" என்று தோளில் ஒருதரம் தொட்டேன்.

ஒரேயொரு தரம்தான். உடனே எழும்பிவிட்டாள்.